ஜீப்புன்னா ஒழுகத்தான் செய்யுமாம்... யாரு சொன்னா?

"ஜீப்புக்குக் கீழ ஆயில் சொட்டலைன்னா உள்ள ஆயிலே இல்லைன்னு அர்த்தம்."

இந்த ஜோக்கைக் கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு மக்களே. பழைய ஜீப் வச்சிருக்கிறவங்க நாலு பேரு ஒண்ணா நின்னா, அஞ்சாவது நிமிஷம் யாராச்சும் ஒருத்தர் இதைச் சொல்லிடுவார். மத்த மூணு பேரும் மொத தடவை கேக்குற மாதிரியே சிரிப்பாங்க. நானும் சிரிச்சவன்தான். ஒரு பத்து வருஷம் சிரிச்சிருப்பேன். இப்ப சிரிப்பு வர்றதில்லை, எரிச்சல்தான் வருது. பதிவு கொஞ்சம் காரமா இருந்தா பொறுத்துக்கங்க. எங்க வீட்டுல ஒரு உசுரு போயிருக்கும், போகலை, அந்தக் காரம்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி சித்திரை மாசம். போடியிலேருந்து போடிமெட்டு ஏறிட்டிருந்தோம். வண்டி என்னோட சி.ஜே.3பி. முன்னாடி நானும் மச்சானும். பின்னாடி அத்தை, அதாவது மச்சானோட அம்மா, கூடவே ஒரு மூட்டை அரிசி. வழியில ஒரு டீக்கடை. மேடு ஏறுற ரோட்டுல ஓரமா நிறுத்தி, ஃபர்ஸ்ட் கியர்ல போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துட்டுத்தான் இறங்கினேன். சத்தியமா இழுத்தேன். மச்சான் பக்கம் ஓடை, அதனால என் பக்கமா நகர்ந்து வந்து இறங்கினார். நகரும்போது அவரோட முட்டி கீழ இருக்கிற குட்டி லிவர் ஒண்ணுல இடிச்சுது. 'டக்'னு ஒரு சின்ன சத்தம்.

வண்டி பின்னாடி போக ஆரம்பிச்சிருச்சு. அத்தை உள்ள.

எட்டடி போச்சு. ரோட்டோர காப்புச் சுவத்துல பின் பம்பர் முட்டி நின்னுச்சு. பத்தடி தள்ளி அந்தச் சுவர் இடிஞ்சு கிடந்தது, அங்க போயிருந்தா கீழ ஏலக்காட்டுலதான் தேடணும். அத்தை மெதுவா இறங்கி, சேலையைச் சரி பண்ணிக்கிட்டு, கேட்டது ஒரே ஒரு கேள்வி. "ஏன் மாப்ள, இப்பத்தான வண்டிய வேலை பாத்தேன்னு சொன்னீக?"

ஆமா. மூணு வாரத்துக்கு முன்னாடிதான் ஒரு பட்டறையில 14,000 ரூபா குடுத்து 'டிரான்ஸ்ஃபர் கேஸ் ஃபுல் ஓவர்ஹால்' பண்ணியிருந்தேன். பில் இன்னும் டேஷ்போர்டுலயே இருந்துச்சு. பட்டறை பேரு எதுக்கு? நான் திட்டப் போறது ஒரு பட்டறையை இல்லை, ஒரு பழக்கத்தை. அந்தப் பழக்கத்துல எனக்கும் பங்கு உண்டு.

ஓவர்ஹால் பண்ணின வண்டி ஏன் ஓடுச்சு? அதைச் சொல்லணும்னா அந்த இரும்புப் பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு சொல்லணும். கார் மட்டும் ஓட்டுறவங்க ரெண்டு நிமிஷம் பொறுத்துக்கங்க.

ஃபோர் வீல் வண்டியில கியர்பாக்ஸுக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டு இன்னொரு பெட்டி இருக்கும். கியர்பாக்ஸ்லேருந்து வர்ற சுத்தை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரிச்சுக் குடுக்கிறது அதோட வேலை. என் வண்டியில இருக்கிறது ஸ்பைசர் 18. ரெண்டாம் உலகப் போர்ல 1941-லேருந்து ஓடின வில்லிஸ் எம்.பி. ஜீப்புல இருந்த அதே குடும்பம். அமெரிக்காவுல சி.ஜே.5 வண்டியில 1971 வரைக்கும் இதைத்தான் போட்டாங்க. சி.ஜே.3பியை அங்க 1968-லயே நிறுத்திட்டாங்க, இங்க மஹிந்திரா அதுக்கப்புறமும் பல வருஷம் செஞ்சு வித்தாங்க. நம்ம ஊர் பழைய ஜீப்புல பாதி அந்த வழியில வந்ததுதான்.

செயின் கியின் எதுவும் கிடையாது. எல்லாம் கியர்தான். ரெண்டு குட்டி லிவர். ஒண்ணு முன் அச்சைச் சேர்க்கவும் விலக்கவும். இன்னொண்ணு ஹை, நியூட்ரல், லோ. லோவுல 2.46 மடங்கு குறையும். கியர்பாக்ஸ் ஃபர்ஸ்ட்ல 2.8, அச்சுல 5.38, எல்லாத்தையும் பெருக்கினா எஞ்சின் 37 சுத்து சுத்தினா வீல் ஒரே ஒரு சுத்து. பாறை மேல வண்டி எறும்பு மாதிரி ஊர்றது அதனாலதான்.

இதுல கவனிக்க வேண்டியது ரெண்டு. ஒண்ணு, அந்த நியூட்ரல். கியர்பாக்ஸை நீங்க ஃபர்ஸ்ட்ல போட்டு வச்சாலும், இந்தப் பெட்டி நியூட்ரலுக்கு வந்துட்டா எஞ்சினுக்கும் வீலுக்கும் சம்பந்தமே கிடையாது. ரெண்டு, ஹேண்ட் பிரேக். இந்த வண்டியில அது பின் வீல்ல இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸோட பின்பக்க ஷாஃப்ட்லயே ஒரு சின்ன டிரம் மாட்டி, அதைத்தான் பிடிக்குது. ஆயில் சீலுக்கும் அந்த டிரம்முக்கும் நடுவுல இடைவெளின்னு பெருசா எதுவும் இல்லை. சீல் ஒழுகினா ஆயில் நேரா பிரேக் லைனிங்கைத்தான் நனைக்கும்.

இப்ப அந்த ஜோக்கை இன்னொரு தடவை சொல்லிப் பாருங்க. கீழ சொட்டுதுன்னா என்ன அர்த்தம்? ஹேண்ட் பிரேக் ஆயில்ல குளிச்சுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். சமவெளியில இது தெரியாது. மதுரையில வண்டி நிறுத்தினா அது எங்கயும் போகாது. மலையில தெரியும்.

சுவத்துல முட்டின வண்டியை மெதுவா இறக்கி வீட்டுக்குக் கொண்டு வந்தேன். பட்டறைக்குப் போய் சண்டை போடலாம்னு மச்சான் குதிச்சார். நான் போகலை. நானே கழட்டறதுன்னு முடிவு பண்ணினேன். தெருவுல ஒரு பெரியவர் இருக்கார், முப்பது வருஷத்துக்கு மேல எஸ்டேட் வண்டிகளை வேலை பாத்துட்டு ஓய்வா இருக்கிறவர், நான் மாமான்னு கூப்பிடுவேன். அவரைக் கூட்டிக்கிட்டு வந்து நாற்காலி போட்டு உக்கார வச்சேன். கையை வைக்க மாட்டேன், வாய் மட்டும்தான்னு முதல்லயே சொல்லிட்டார்.

கீழ படுத்தேன். பெட்டி பளபளன்னு சில்வர் பெயிண்ட்ல ஜொலிக்குது. 14,000 ரூபா ஜொலிப்பு. ஸ்க்ரூ டிரைவரை வச்சு லேசா சுரண்டினேன். பெயிண்ட் பொறைபொறையா உரிஞ்சு வந்துச்சு. அதுக்குக் கீழ இரும்பு இல்லை. சேறு. பழைய ஆயிலும் மண்ணும் சேர்ந்து கெட்டியான, கால் அங்குல கனத்துக்குச் சேறு. கழுவாம அது மேலயே அடிச்சிருக்காங்க!

மாமா நாற்காலியிலேருந்தே கேட்டார், "தம்பி, மூச்சுக்குழல் எங்க இருக்குன்னு பாரு."

பாத்தேன். இருந்துச்சு. அதுவும் சில்வர் கலர்ல, மூடியோட சேர்ந்து மொழுமொழுன்னு அடைச்சுப் போய் இருந்துச்சு.

எனக்கு அங்கயே பாதி கதை புரிஞ்சு போச்சு. வண்டி ஓட ஓட உள்ள ஆயில் சூடாகும், காத்து விரியும். வெளிய போறதுக்கு ஒரு சின்ன ஓட்டை வேணும், அதுதான் மூச்சுக்குழல். அதை அடைச்சா அழுத்தம் எங்க போகும்? எது பலவீனமோ அது வழியா, அதாவது சீல் வழியா, ஆயிலையும் தள்ளிக்கிட்டு வெளிய போகும். இன்னொரு கூத்தும் இருக்கு. சூடான பெட்டியோட ஆத்துல இறங்கினா சட்டுனு குளிர்ந்து உள்ள காத்து சுருங்கும், அப்ப அதே சீல் வழியா தண்ணியை உள்ள உறிஞ்சும். ஆயில் பால் கலந்த டீ மாதிரி வந்தா இதுதான் காரணம். புது சீல் போட்டும் ஒழுகுது, டூப்ளிகேட் சீல்னு கம்பெனிக்காரனைத் திட்டுறவங்க முதல்ல அந்த ஓட்டையைப் பாருங்க சாமி.

கழட்டறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். பின் புரொபெல்லர் ஷாஃப்ட்டைக் கழட்டின அடுத்த நொடி அந்த வண்டிக்கு ஹேண்ட் பிரேக்கே கிடையாது. பிரேக் பிடிக்கிறது ஷாஃப்ட்டைத்தானே, வீலை இல்லையே. நாலு வீலுக்கும் கட்டை வச்சுட்டுத்தான் கீழ படுக்கணும். யூட்யூப்ல வீடியோ போடுற தம்பிகள் இதைச் சொல்றதே இல்லை. பின்னணி இசையெல்லாம் நல்லாத்தான் போடுறாங்க.

பெட்டியை இறக்கினதும் நேரா திறந்துடாதீங்க. வெளிப்பக்கத்தைக் கழுவாம திறந்தா, வெளிய இருக்கிற மண்ணு மொத்தமும் உள்ள விழும். நான் ஒரு முழு நாள் வெளிப்பக்கத்தை மட்டும் சுரண்டினேன். புட்டிக் கத்தி, தேய்ஞ்ச டூத் பிரஷ், மூலை முடுக்குக்குத் தென்னங்குச்சி. முன்னெல்லாம் மண்ணெண்ணெய்தான். இப்ப ரேஷன்ல அது கிடைக்கிறதே அரிதாயிருச்சு, அதனால டீசல். பெட்ரோல் ஊத்திக் கழுவுறவங்களை இன்னமும் பாக்குறேன், சட்டுனு காயுதாம். பக்கத்துலயே ஒருத்தர் பீடி பத்த வச்சுக்கிட்டு நிப்பார். என்னத்தச் சொல்ல.

மறுநாள் திறந்தேன். முதல் ஆளா வெளிய வந்தது சிலிக்கான் பேஸ்ட். பேக்கிங் போட வேண்டிய இடத்துல எல்லாம் பற்பசை மாதிரி பிதுக்கி விட்டிருக்காங்க. வெளிய பிதுங்கினது நம்ம கண்ணுக்குத் தெரியும், துடைச்சுடலாம். அதே அளவு உள்பக்கமும் பிதுங்கும்ல? அது நூல் நூலா அறுந்து ஆயில்ல மிதந்துக்கிட்டு இருந்துச்சு. பேரிங்குக்கு ஆயில் போற வழியில ஒரு துண்டு தக்கை மாதிரி உக்காந்திருக்கு.

பின்பக்க மூடியில இன்னும் பெரிய கொடுமை. அந்த ஷாஃப்ட் டேப்பர் பேரிங்குல நிக்குது. முன்னும் பின்னும் எவ்வளவு ஆடலாம்னு கணக்கு இருக்கு, 4-லேருந்து 8 தவ். ஒரு தவ்னா அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு. மூடிக்கும் பெட்டிக்கும் நடுவுல தகடு தகடா ஷிம் வச்சு அதைக் கொண்டு வரணும். ஷிம் கூட்டினா ஆட்டம் கூடும், குறைச்சா குறையும். என் வண்டியில ஷிம் ஒண்ணுகூட சுத்தமா இல்லை. கசங்கினதும் கிழிஞ்சதுமா ரெண்டு தகடு, அது மேல மறுபடியும் பேஸ்ட். டயல் கேஜ் வச்சுப் பாத்தா ஆட்டம் 20 தவ்வுக்கு மேல. ஷாஃப்ட்டே இப்படி ஆடுனா சீல் என்ன பண்ணும் பாவம்? உதடு ஒரு பக்கம் விலகி விலகி வழி விடத்தான் செய்யும். சீல் உக்கார்ற யோக் மேல விரல் நகத்தை ஓட்டினேன், பள்ளத்துல நகம் மாட்டிக்கிச்சு. அந்தப் பள்ளத்து மேல தங்க சீல் போட்டாலும் நிக்காது. யோக்கை மாத்தணும், இல்லைன்னா அதுக்குன்னு விக்கிற மெல்லிசான ஸ்லீவைத் தட்டி ஏத்தணும். எதுவுமே பண்ணலை. புது சீல் மட்டும் போட்டிருந்தாங்க, பில்லுல அது இருந்துச்சு.

சரி, லிவர் ஏன் முட்டி பட்டதும் நகர்ந்துச்சு? முன்பக்க மூடியில ரெண்டு ஷிஃப்ட் ராடு இருக்கு. ஒவ்வொண்ணையும் இடத்துல பிடிச்சு வைக்க ஒரு குண்டும் ஸ்பிரிங்கும். ரெண்டு ராடுக்கும் நடுவுல ஒரு சின்ன இரும்பு மாத்திரை. நிஜமாவே மாத்திரை சைஸ்தான். முன் அச்சைச் சேர்க்காம லோ போட முடியாதபடி தடுக்கிறது அதோட வேலை. லோவுல வர்ற மொத்த முறுக்கும் பின் அச்சு ஒண்ணு மேலயே விழக் கூடாதுன்னு 1941-ல எவனோ ஒரு புண்ணியவான் யோசிச்சு வச்சது. என் பெட்டியில மாத்திரையைக் காணோம். மூடியை உருவும்போது குண்டும் ஸ்பிரிங்கும் தெறிக்கும், தெரியாதவன் உருவினா பட்டறைத் தரையில இருக்கிற கிரீஸ் சேத்துல போய் விழும். விழுந்ததைத் தேடாம, வேற எதுலயோ இருந்த சொத்தை ஸ்பிரிங்கை வெட்டி உள்ள திணிச்சு மூடியிருக்காங்க. ரெண்டு விரல்ல அமுக்கினா நசுங்குது. மச்சானோட முட்டியைக் குத்தம் சொல்லிப் பிரயோசனம் இல்லை.

ஆக, எல்லாத்துக்கும் வேர் ஒண்ணுதான். கழுவலை. கழுவியிருந்தா மூச்சுக்குழல் தெரிஞ்சிருக்கும். யோக்ல பள்ளம் தெரிஞ்சிருக்கும். சுத்தமான தட்டுல எடுத்து வச்சிருந்தா மாத்திரை காணாமப் போனது தெரிஞ்சிருக்கும். நாங்க பழைய இட்லித் தட்டு ஒண்ணை இதுக்குன்னே ஒதுக்கிட்டோம், குழிக்கு ஒண்ணா குண்டு, ஸ்பிரிங், லாக். (வீட்டம்மா அதுக்குப் போட்ட சண்டை தனிப் பதிவா எழுதற அளவு இருக்கு :-) )

இங்கதான் எனக்குக் கோபம் வருது. நம்ம ஊர் பட்டறையில கழுவுறது யாரு? நேத்து வேலைக்குச் சேர்ந்த பையன். மெயின் மெக்கானிக் தொட மாட்டார், அது அவர் தகுதிக்குக் குறைச்சல். வீட்டுலயும் ஊர்லயும் கழுவுற வேலையைக் கீழ்த்தரமா பாத்துப் பழகின புத்தி பட்டறைக்குள்ள மட்டும் எப்படி மாறும்? பையனுக்கு எதைப் பாக்கணும்னு யாரும் சொல்லித் தர்றதில்லை. டீசல் டப்பாவுல முக்கி எடுத்து, பனியன் வேஸ்ட்ல துடைச்சு வைப்பான். அந்த வேஸ்ட்லேருந்து நூல் பிரிஞ்சு பேரிங்குக்குள்ள போறது வேற கதை. ஆனா விரிசல், பொடிப்பொடியா உதிர்ற பல்லு, தேய்ஞ்ச வாஷர் எல்லாம் முதல்ல கண்ணுல படறது அந்த டப்பாவுக்குள்ளதான். நோய் என்னன்னு கண்டுபிடிக்கிற இடத்துல ஒண்ணும் தெரியாத பிள்ளையை நிறுத்திட்டு, சீலைத் தட்டி மாட்டுற இடத்துல வாத்தியாரை நிறுத்துறோம்.

அதுவும் அந்தப் பிள்ளைங்க பேரிங்கைக் கழுவிட்டு கம்ப்ரசர் காத்துல சுத்த விடுவாங்க பாருங்க, விசில் மாதிரி சத்தம் வரும், சிரிப்பாங்க. ஆயில் துளி இல்லாத பேரிங், கட்டுப்பாடே இல்லாத வேகம். உருளையும் வளையமும் கீறிப் போகும். கூடு பிச்சுக்கிட்டா உருளை மூஞ்சியில வந்து அடிக்கும். பேரிங்கை ரெண்டு வளையத்தையும் சேர்த்துப் பிடிச்சுக்கிட்டுத்தான் காத்தடிக்கணும். மாமா இதைச் சொல்லும்போது தன்னோட இடது புருவத்தைத் தொட்டுக் காமிச்சார். தழும்பு இருந்துச்சு. நான் மேற்கொண்டு கேக்கலை.

ஹேண்ட் பிரேக் டிரம்முக்குள்ள காத்தடிக்கிறது அதைவிட மோசம். பழைய லைனிங்குல கல்நார் இருக்கலாம். அந்தத் தூசி நுரையீரலுக்குள்ள போனா வெளிய வராது, பல வருஷம் கழிச்சுத்தான் வேலையைக் காட்டும். தண்ணியில நனைச்சுத் துடைச்சு எடுங்க. ஆயில்ல ஊறின லைனிங்கைப் பெட்ரோல் ஊத்திப் பத்த வச்சு 'காய வைக்கிற' வித்தையும் நடக்குது, நானே பாத்திருக்கேன். மேல காயும், உள்ள இருக்கிற ஆயில் சூடு ஏறினதும் மறுபடி வெளிய வரும். புது லைனிங் போட என்ன பெரிய செலவு?

இப்ப பட்டறைக்காரர் பக்கமும் கொஞ்சம் பேசணும். அவரைக் கேட்டா என்ன சொல்லுவார்? "சார், கழுவ ரெண்டு நாள் ஆகும். அதுக்கு யாரு காசு தர்றா?" நியாயமான கேள்விதானே. என்னோட பழைய பில்லை எடுத்துப் பாத்தேன். சீல், பேரிங், பேக்கிங், ஆயில், பெயிண்ட், லேபர். கழுவினதுக்குன்னு ஒரு வரி கிடையாது. எந்தப் பில்லுலயும் கிடையாது. வண்டியை விடும்போது நான் சொன்னது எனக்கே ஞாபகம் இருக்கு: "அண்ணே, ஞாயித்துக்கிழமைக்குள்ள வேணும், மலைக்குப் போகணும்." வெள்ளிக்கிழமை விட்டுட்டு ஞாயித்துக்கிழமை கேட்டா அந்த மனுஷன் சேத்து மேல பெயிண்ட் அடிக்காம வேற என்ன பண்ணுவார்? பெயிண்ட்டைப் பாத்து "சூப்பர்ண்ணே"ன்னு சொல்லி 200 ரூபா கூடக் குடுத்துட்டு வந்தவனும் நான்தான்.

அதனால பட்டறையை மட்டும் திட்டிட்டு நாம நழுவ முடியாது. நம்ம ஆஃப் ரோடு அன்பர்களைக் கேக்குறேன். டயருக்கு எண்பதாயிரம் செலவு பண்றீங்க. பம்பருக்கு, கூரை மேல வரிசையா விளக்குக்கு, வின்ச்சுக்கு, கண்ணாடியில ஸ்டிக்கருக்கு எல்லாம் காசு இருக்கு. அந்தப் பெட்டியைக் கழட்டிக் கழுவ நாலு நாள் கூலி குடுங்கன்னா, "ஜீப்புன்னா ஒழுகத்தான் செய்யும் பாஸ்"னு அதே ஜோக். சோம்பேறித்தனத்துக்குப் பாரம்பரியம்னு பேரு வச்சுட்டோம்.

நியாயமா ஒண்ணு ஒத்துக்கணும். அந்த ஜோக் சும்மா வரலை. அந்தக் காலத்துல சீல் எல்லாம் தோல், பேக்கிங் எல்லாம் காகிதம். ஷிஃப்ட் ராடு வெளிய வர்ற இடம், நடு ஷாஃப்ட் பெட்டியைத் துளைச்சு வர்ற இடம், இதெல்லாம் இன்னைக்கும் லேசா ஈரம் காட்டும். தூசி ஒட்டி ஒரு கறுப்புக் கறை இருக்கும், அதுக்கு நான் சண்டைக்கு வரலை. ஈரம் வேற, சொட்டு வேற. ராத்திரி விட்டா காலையில தரையில ரூபாய்க் காசு அளவு வட்டம் இருந்தா அது பாரம்பரியம் இல்லை, ரிப்பேர்.

எங்க பக்கத்துக் கதை ஒண்ணும் இருக்கு. தேனி மாவட்டத்துலேருந்து ஏலத்தோட்ட வேலைக்கு விடியக்காலையில ஜீப் ஜீப்பா பொம்பளைங்க கேரளாவுக்குப் போறாங்க, போடிமெட்டு வழியா, கம்பம்மெட்டு வழியா, குமுளி வழியா. தினமும் ஏறி இறங்குறாங்க. அதுல நிறைய வண்டி ரெண்டு வீல் ஓட்டம்தான், டிரான்ஸ்ஃபர் கேஸே கிடையாது. ஆனா வேலை பாக்குறது அதே பட்டறை, அதே கை, அதே டீசல் டப்பா, அதே அவசரம். நான் பொழுதுபோக்குக்கு ஜீப் வச்சிருக்கேன், பிடிக்கலைன்னா வித்துட்டுப் போயிடுவேன். "ஓனர் சார், லைனிங் நனைஞ்சிருக்கு"ன்னு அந்தப் பொம்பளைங்க கேக்க முடியுமா? கேட்டா நாளைக்கு வேற ஆள ஏத்திக்கிட்டுப் போயிடுவாங்க.

வேலை எப்படி முடிஞ்சுதுன்னு கேக்குறீங்களா? வெறும் பெட்டியை டீசல்ல ரெண்டு தடவை, அப்புறம் சுடுதண்ணியும் சோப்புப் பொடியும் போட்டு ஒரு தடவை கழுவினோம். டீசலோட விட்டா மேல ஒரு பிசுபிசுப்பு நிக்கும், பேக்கிங் ஒட்டாது. ஆனா இது வார்ப்பு இரும்பு, தண்ணி பட்ட அரைமணி நேரத்துல செம்மண் கலர்ல துரு கிளம்பும். துடைச்ச கையோட உள்பக்கம் ஆயில் தடவிடணும், பேக்கிங் உக்கார்ற இடத்தை மட்டும் விட்டுட்டு. நூல் விடாத பழைய வேட்டித் துணிதான் துடைக்க. நடு கியருக்குள்ள இருக்கிற ஊசி உருளை பேரிங், ரெண்டு பக்கத்து வெண்கல வாஷர், நடு ஷாஃப்ட் மூணையும் மாத்தினேன். ஷாஃப்ட்ல நகத்துக்குத் தட்டுற மாதிரி குழி விழுந்திருந்தது. ஷிம் வாங்கி, மாட்டி, அளந்து, கழட்டி, மறுபடி மாட்டி அளந்து... ஆறாவது தடவை 6 தவ் வந்துச்சு. மாமா அப்பத்தான் நாற்காலியை விட்டு எழுந்து வந்து தானே ஒரு தடவை அளந்து பாத்தார். ஒண்ணும் சொல்லலை. திரும்பப் போய் உக்காந்துட்டார். அதுவே எனக்குப் பெரிய பட்டம்.

சீலை ஆயில்ல ஊற வச்சு, ஸ்பிரிங் இருக்கிற பக்கம் ஆயிலைப் பாத்த மாதிரி மாட்டினேன். யோக்கோட பல்லு இடுக்கு வழியாவும் ஆயில் வரும், அதனால நட்டுக்குக் கீழ வாஷர்ல கொஞ்சமா, கொஞ்சமேதான், பேஸ்ட். பேஸ்ட்டுக்கு அந்தப் பெட்டியில வேலை இருக்கிறது அந்த மாதிரி ரெண்டு மூணு இடத்துலதான். மாத்திரை மட்டும் கிடைக்கவே இல்லை. கடைசியில லேத் பட்டறையில இன்னொரு வண்டியோடதைக் காமிச்சு அதே அளவுல கடைஞ்சு வாங்கினேன். ஆயில் ஒன்றரை லிட்டர் சுமாருக்கு, 90 நம்பர், ஜி.எல்.4. ஜி.எல்.5 இன்னும் உசத்தின்னு கடைக்காரர் தலையில கட்டப் பாப்பார், பித்தளை, வெண்கலம் உள்ள இருக்கிற பழைய பெட்டிக்கு அது வேணாம்.

நாலு நாள் கழுவினது. ஒரு நாள் அளந்தது. மாட்டினது ரெண்டு மணி நேரம். கழுவின டீசலும் பழைய ஆயிலும் கேன்ல அடைச்சு, பழைய ஆயில் எடுக்க அனுமதி வாங்கின ஆள்கிட்ட குடுத்தாச்சு. சட்டப்படி அது அபாயக் கழிவு. எங்க ஊர்ல பாதிப் பட்டறைக்குப் பின்னாடி ஓடைதான் இருக்கு, அதைப் பத்தி இன்னொரு நாள்.

போன மாசம் அதே டீக்கடை, அதே மேடு. முதல்ல அத்தையை இறக்கிட்டுத்தான் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், கியர் போடலை. நின்னுச்சு. மச்சான் முட்டியால வேணும்னே லிவரை இடிச்சுப் பாத்தார், அசையலை. அத்தை டீ கிளாஸோட தள்ளி நின்னு பாத்துக்கிட்டே இருந்தாங்க. கிளம்பும்போது நேரா முன் சீட்டுல வந்து உக்காந்துட்டாங்க. பின்னாடி ஏற மாட்டாங்களாம்.

தினமும் ராத்திரி வண்டிக்குக் கீழ ஒரு அட்டையைப் போட்டு வைக்கிறேன். டிரான்ஸ்ஃபர் கேஸுக்குக் கீழ சுத்தமா இருக்கு. நாலடி முன்னாடி மட்டும் ரெண்டு நாளா ஒரு பொட்டு தெரியுது, எஞ்சின் பின் சீலா இருக்கும்னு மாமா சொல்றார். அடுத்த வாரம் இறக்கணும். தேனி, போடி பக்கம் யாருக்காச்சும் டயல் கேஜ் வேணும்னா வாங்கிட்டுப் போங்க. திருப்பிக் குடுத்துடணும், சொல்லிட்டேன்.